வேலியின் அடியில் தங்கும் ஈரம்

நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில் எங்கள் குடும்பத்திற்கு இரண்டு ஏக்கரில் மிளகும் காப்பியும் இருக்கின்றன. தோட்டத்தைச் சுற்றி ஐந்தடி உயர டைமண்ட் வலை வேலி போட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாடும் காட்டுப்பன்றியும் நுழையாமலிருக்கவே இந்த வேலி; யானையை இது தடுக்காது, அது போகும் வழியில் வேலி போடவும் கூடாது என்பதால் ஓடைக்கு மேலுள்ள மூலையை நாங்கள் திறந்தே விட்டிருக்கிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்கிற ஊரில் கம்பி துருப்பிடிக்கத்தான் செய்யும் என்று முதல் சில ஆண்டுகள் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் கட்டிய வலையின் மேற்பகுதி சாம்பல் நிறம் மாறாமல் இருக்க, தரையிலிருந்து முக்கால் அடி உயரம் வரையிலான பகுதி மட்டும் கையால் வளைத்தால் ஒடிகிற நிலைக்கு வந்திருந்ததைப் பார்த்தபோது, மேலே நனைத்த அதே மழைதானே கீழேயும் நனைத்தது என்ற கேள்வி எழுந்தது.

விடை துத்தநாகத்தின் இயல்பில் இருக்கிறது. இந்த வலையைப் பின்னியிருக்கும் ஜி.ஐ. கம்பி என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. அது நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருந்தால், காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் கெட்டியான ஒரு படலத்தை உண்டாக்கி அதைக் காக்கிறது. காயவே இடமில்லாத ஈரத்தில் அந்தப் படலம் உருவாவதில்லை. மாவு போன்ற வெண்துரு படிந்து, துத்தநாகம் கரைந்து தீர்ந்த பிறகு இரும்பு சிவக்கத் தொடங்குகிறது. வேலியடியில் குவியும் சருகும், சரிவிலிருந்து அடித்துவரும் மண்ணும், வலையைப் பற்றி ஏறும் கொடிகளும்தான் கம்பியைக் காயவிடாமல் வைத்திருக்கின்றன.

ஆகவே மே மாதம் முடிவதற்குள் வேலியின் இருபுறமும் ஒரு முழ அகலத்திற்குச் செதுக்கிச் சுத்தம் செய்கிறோம். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சருகைத் தள்ளிவிடுகிறோம். பன்றி தோண்டாமலிருக்க வலையின் அடியை மண்ணில் புதைக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. இந்த மழைக்கு அது பெரும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் வலையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி, அடியில் தடித்த 8 கேஜ் கம்பியை விறைப்பாக இழுத்து, இரண்டு வேலிக்கால்களுக்கு நடுவே முளையடித்து நிறுத்தியிருக்கிறோம். பன்றி முட்டினாலும் வலை மேலே தூக்குவதில்லை.

கட்டுக்கம்பியிலும் கவனம் வேண்டும். வேலி போட்டவர்கள் கான்கிரீட் வேலைக்குப் பயன்படும் கறுப்புக் கட்டுக்கம்பியாலேயே வலையைக் கால்களில் கட்டிவிட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் அவை இற்று, நல்ல வலை தொங்கிப்போனது. துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பிக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது.

மிளகு வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வாடல் நோய்க்கு நாம் தெளிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் இருக்கின்றன. கலவை பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கத்தியை முக்குகிறோம். சுண்ணாம்பு போதாவிட்டால் செம்பு கத்தியில் சிவப்பாகப் படிகிறது. வேலிக் கம்பியிலும் இதுவே நடக்கிறது. படிந்த செம்பு துத்தநாகத்தை அரித்துவிடும். மயில்துத்தக் கரைசலில் கம்பியைத் திரும்பத் திரும்ப முக்கி, எத்தனையாவது முறையில் சிவக்கிறது என்று பார்த்துத்தான் பூச்சு சீராக இருக்கிறதா என்று சோதிக்கும் முறையே இருக்கிறது. எங்கள் வேலியோர மிளகுக் கொடிகளுக்கு அருகே வலை முதலில் கெட்டதற்கு இதுவே காரணமென்று நான் நம்புகிறேன். இப்போது அந்த வரிசையில் வேலிக்கு முதுகைக் காட்டி நின்று தோட்டத்தின் பக்கம் பார்த்துத் தெளிக்கிறோம். பட்டுவிட்டால் காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம்.

வலை கிழிந்தால் மாற்றுக் கம்பியை முறுக்கி ஒட்டுப்போடத் தேவையில்லை. இந்த வலை நெளிநெளியான தனிக் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று திருகிக் கோத்த பின்னல். அறுந்த கம்பியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள கொக்கியைக் குறட்டால் நிமிர்த்தி, திருகாணியைக் கழற்றுவதுபோல் கம்பியைச் சுற்றிக்கொண்டே போனால் அது முழுதாக வெளியே வந்துவிடும். அதே வழியில் புதுக் கம்பியைத் திருகி இறக்கி முனைகளை மடக்கினால் பழுது பார்த்த இடமே தெரியாது. மரம் விழுந்து ஓரிடம் முழுவதும் நசுங்கியிருந்தால், இருபுறமும் ஒவ்வொரு கம்பியைக் கழற்றி அந்தத் துண்டைப் பிரித்தெடுத்து, புதுத் துண்டை வைத்து மறுபடியும் கோக்கலாம். கண்ணியின் அளவும் கம்பியின் கேஜும் பழைய வலையோடு ஒத்திருக்க வேண்டும். 10 கேஜ் வலையில் மெலிந்த 12 கேஜ் கம்பியைக் கோத்தால் அது அந்த இடத்தில் தளர்ந்து நிற்கும்.

இரும்பு ஆங்கிள் கால்கள் மண்ணும் காற்றும் சந்திக்கும் மட்டத்தில்தான் அரிக்கின்றன. கான்கிரீட்டைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் மூன்று அங்குலம் உயர்த்தி, நீர் வழிந்தோடும்படி நான்கு பக்கமும் சரிவாகப் பூச வேண்டும். வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து துத்தநாகத்தூள் கலந்த ஜிங்க் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெள்ளி நிறத்தில் இருப்பதாலேயே அலுமினியப் பெயிண்ட் அதற்கு ஈடாகாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயில் இதற்கு ஏற்ற நேரம்.

2019 ஆகஸ்டில், நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய அந்த வாரத்தில், எங்கள் ஓடை வேலிக்குக் குறுக்கே கிளைகளையும் சருகையும் கொண்டுவந்து அடைத்தது. தேங்கிய நீரின் எடையில் நான்கு கால்கள் சாய்ந்தன. அதன்பிறகு ஓடை குறுக்கிடும் எட்டடிக்கு மட்டும் வலையைத் தனியாக வெட்டி, மேற்கம்பியில் திரைபோலத் தொங்கவிட்டிருக்கிறோம். வெள்ளம் வரும்போது அது தூக்கி வழிவிடுகிறது. வடிந்ததும், சிக்கிய கிளைகளை எடுத்துவிட்டால் பழையபடி இறங்கி நிற்கிறது.