தோள் அஞ்சாத துவக்கு

நோர்வேயில் எல்க் எனும் மிகப்பெரிய மானின் வேட்டைக்குப் போக விரும்பும் நம்மவர் சிலர், எந்தத் துவக்கை வாங்கலாம் என்று அண்மையில் என்னிடம் கேட்டார்கள். என் முதல் துவக்கைத் தவறாகத் தேர்ந்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

வேட்டைக்காரருக்கான முப்பது மணிநேர வகுப்பையும் தேர்வையும் முடித்த ஆண்டில், பெரிய விலங்குக்குப் பெரிய ரவையே வேண்டும் என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி, .300 வின்செஸ்டர் மக்னம் எனும் வலிமைமிக்க தோட்டாவுக்கான துவக்கொன்றை வாங்கினேன். சுடும்போது அது தோளில் உதைக்கும் உதைப்பு நாளடைவில் பழகிவிடும் என்று எண்ணினேன்; ஆனால் என் ரவைகள் வாரத்துக்கு வாரம் இலக்கை விட்டு விலகின. சுடுகளத்தில் மூத்தவர் ஒருவர், எனக்குத் தெரியாமல், மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை மற்றவற்றோடு கலந்து கொடுத்தார். நான் விசையை அழுத்தியபோது வெடி கேட்கவில்லை. ஆயினும் என் கண்கள் மூடின, குழல்முனை நான்கு விரல் கீழே சரிந்தது. உதைப்பு வருமுன்பே என் உடல் அதற்கு அஞ்சியிருந்தது.

அத்துவக்கை விற்றுவிட்டு 6.5×55 எனும் தோட்டா வகைக்கு மாறினேன். 1894இல் கிராக்-யோர்கன்சன் துவக்குடன் நோர்வேப் படை ஏற்றுக்கொண்ட அந்தப் பழைய தோட்டா, இன்றும் எல்க்குக்குப் போதுமானது. 9 முதல் 10 கிராம் வரையான ரவை 100 மீட்டரில் 2,700 யூல் ஆற்றலைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், 10 கிராமுக்குக் குறையாத ரவைக்கு 2,200 யூல் போதும் என்றும் விதி சொல்வதால், இவ்வகையில் பலரும் 10.1 கிராம் ரவையையே எடுக்கிறார்கள். உதைப்போ மிகவும் மென்மையானது.

கடையில் துவக்கைக் கையிலெடுத்ததும், கண்களை மூடிக்கொண்டு தோளில் பொருத்துங்கள். கண்களைத் திறக்கும்போது, கழுத்தை அசைக்காமலே துவக்கின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியின் வட்டம் முழுதாகத் தெரிந்தால், துவக்கின் தோளில் பதியும் கட்டை உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது. விலைச்சீட்டைப் பிறகு பார்க்கலாம்.

குளிர்காலம் முழுவதும் வீட்டில் வெற்றுத் துவக்கோடு பயிலுங்கள். துவக்கின் தோட்டா அறையில் எதுவும் இல்லை என்பதை இருமுறை பார்த்த பின், தொலைநோக்கியின் மேல் ஒரு குரோனர் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகுங்கள். அச்சம் என்னை விட்டு நீங்கியது இதனால்தான்.

ஆண்டுதோறும் முப்பது பயிற்சி வெடிகளுக்குப் பின் நடக்கும் சுடுதேர்வில், 100 மீட்டரில் உள்ள பனிமான் உருவில், 30 சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து ரவைகளும் பட வேண்டும். அமைதியாகப் படுத்துச் சுடுபவருக்கு இது கடினமன்று. மேடேறி மூச்சிரைக்க நிற்கும்போது, மரத்தில் சாய்ந்தும் முழந்தாளிட்டும் சுடவேண்டிய காட்டுக்கு இது போதாது என்பதே என் கருத்து. ஆகவே சரிவில் ஓடிவந்த உடனே சுட்டுப் பயில்கிறேன். அந்நிலையில் என் ரவைகள் நெஞ்சறை அளவுக்குள் அடங்குவது 80 மீட்டர் வரையில்தான். அதற்கு அப்பால் நிற்கும் எல்க்கை, நுரையீரலில் படாத ரவையோடு ஓடி நாய்கொண்டு தேடப்படும் நிலைக்கு ஆளாக்க விரும்பாமல், நான் சுடாமலே விட்டுவிடுகிறேன்.