முதியவரின் பாரிசவாதம்: முந்திய மாதத்தைக் கேளுங்கள்

கொழும்பில் எம்.டி. பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்கள் பாரிசவாதத்தை நன்றாகத்தான் படிக்கிறார்கள். ஆனால் எழுபது தாண்டியவர், பிரஷர் இருக்கு, சீனி இருக்கு என்றதும் கொழுப்பு அடைப்பு என்று கேஸை மூடிவிடுகிறார்கள். முதியவர்களின் நாடிச்சுவரில் அழற்சி வரும் ஜயண்ட் செல் ஆர்டரைட்டிஸ் கைநழுவிப் போவது இங்கேதான். கை கால் இழுத்த அன்றைய கதையில் துப்புக் கிடைக்காது. அதற்கு முந்திய நாலைந்து வாரங்களைக் கேட்க வேண்டும்.

கேட்கிற விதமும் முக்கியம். "தாடை நோகுதா அம்மா?" என்றால் கட்டுப்பல் சரியில்லாதவரும் ஓம் என்பார். "ரோஸ்ட் பாண் சப்பத் தொடங்கேக்கையே நோகுதா, கொஞ்ச நேரம் சப்பினாப் பிறகா? நிப்பாட்டினா சுகமாகுதா?" என்று கேளுங்கள். முதற்கடியிலேயே வலி என்றால் பெரும்பாலும் பல் அல்லது தாடை மூட்டு. மென்று களைத்து, நிறுத்தியதும் ஆறினால் தசைக்கு இரத்தம் போதவில்லை. அண்மையில் வெற்றிலை போடுவதை விட்டிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். கூடவே வாயை எவ்வளவு திறக்கிறார் என்றும் பாருங்கள்: பாக்கினால் வாய்க்குள் தழும்பு இறுகியவருக்கும் மெல்லுவது கஷ்டம், ஆனால் அவருக்கு வாயே திறவாது. பிறகு சீப்புப் பட்டால் தலைத்தோல் நோகிறதா, விடியற்காலையில் தோள்மூட்டு இறுகுகிறதா, ஒரு கண் இருண்டு தெளிந்ததா.

பரிசோதனையில் காதுக்கு முன்னால் விரலை வைத்து நெற்றிப்பொட்டில் ஓடும் டெம்போரல் நாடியை மேல்நோக்கித் தொடருங்கள்; தடிப்பு, நோவு, துடிப்பில்லாமை மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். இரண்டு கையிலும் பிரஷர் எடுக்க மறப்பவர்கள் அநேகம்.

வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், விரும்பிக் கேட்கப்படும் கேள்வி: இந்த நோயில் பாரிசவாதம் ஏன் பின்மூளையில்? இந்த அழற்சி நாடிச்சுவரின் எலாஸ்டிக் படலத்தைத் தேடிப் போகிறது. கழுத்து வழியே பின்மூளைக்குப் போகும் வெர்டிப்ரல் நாடி, மூளையுறையான டியூராவைத் துளைத்து உள்ளே போனதும் அந்தப் படலம் மெலிந்துவிடுகிறது. அதனால் அடைப்பு பெரும்பாலும் கழுத்துப் பகுதியில். பாதிப்பு சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும். இரு வெர்டிப்ரல் நாடிகளும் ஒன்றாகக் குறுகியிருந்தால் இதை நினைக்காமல் இருக்கவே கூடாது. நாடிகளைக் காட்டும் சி.டி. அஞ்சியோவைப் பெருநாடி வளைவிலிருந்தே கேளுங்கள்.

அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுக்கும் முதல் நாளே இரத்தம் எடுங்கள். மூன்றாம் நாள் சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா வந்துவிட்டால், கூடிய சி.ஆர்.பி. எந்த நோயினால் என்று சொல்ல முடியாது. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகளின் 2022 ஏ.சி.ஆர்./யூலார் அளவுகோலில் 50 வயது கட்டாயம், 6 புள்ளி தேவை: டெம்போரல் நாடித் துண்டின் பயாப்சி பொசிடிவ் அல்லது அல்ட்ராசவுண்டில் ஹேலோ (நாடியைச் சுற்றிய கருவளையம்) 5, இ.எஸ்.ஆர். 50 அல்லது சி.ஆர்.பி. 10 எட்டினால் 3, திடீர்ப் பார்வையிழப்பு 3, தாடைக் களைப்பு 2. இது வகைப்படுத்த வந்த அளவுகோல், நோயைக் கண்டறிய அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பயாப்சிக்காக ஸ்டீரொய்டைத் தள்ளிப்போடுவது மன்னிக்கப்படாத பிழை. பிரட்னிசலோன் 40–60 மி.கி. உடனே, பார்வை போகிறது என்றால் மெதில்பிரட்னிசலோன் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, மூன்று நாள் நரம்பூசி. பயாப்சியை அடுத்த ஓரிரு வாரத்துக்குள் எடுத்தால் போதும், துண்டு குறைந்தது 1 செ.மீ. இருக்க வேண்டும். அழற்சி விட்டுவிட்டு வருவதால் நெகடிவ் வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. ஹேலோ அப்படியல்ல, ஸ்டீரொய்டில் சீக்கிரம் மங்கும்; ஸ்கேனை முந்திக்கொள்ளுங்கள். ஸ்டீரொய்ட் தொடங்கிய முதல் வாரங்களிலும் பாரிசவாதம் வரலாம்; அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

இ.எஸ்.ஆர். சாதாரணம், ஆனால் குழப்பமும் வலிப்பும் என்றால் பாதை வேறு: எம்.ஆர்.ஐ.யில் நுண்ணிய இரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. கேட்டு, அமிலொயிட் படிந்த நாடிகளின் அழற்சியைத் தேடுங்கள். சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல்., காசநோய் இரண்டையும் பட்டியலில் வையுங்கள்.

நம் நாட்டு நோயாளிக்கு இவ்வளவு ஸ்டீரொய்ட் எழுதும்போது சீனி, எலும்பு என்று எல்லோரும் சொல்வார்கள். வெறுங்கால் வழியே ஏறி, ஸ்டீரொய்டில் உடம்பெங்கும் பரவக்கூடிய ஸ்ட்ரொஞ்சிலொய்டிஸ் புழுவைச் சொல்கிறவர் குறைவு. தோட்டத்திலோ வயலிலோ வெறுங்காலோடு வேலை செய்தாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.