நடுவில் ஓர் இடைவெளி

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. பதினொன்று போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் இல்லை என்று மறுத்துவிட்டது. சரி, இருப்பதை ஓட்டுவோம் என்று தங்கச்சி மகனைக் கூப்பிட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லுபுன்டு என்கிற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். "மாமா, கன்ட்ரோல் ஆல்ட் டி (T) அடிச்சா கறுப்பா ஒரு ஜன்னல் வரும். பத்து கமாண்ட் பழகிட்டா என்னைக் கூப்பிடவே வேண்டாம்" என்றான்.

முதலில் பி.டபிள்யூ.டி. எனக்குத் தெரிந்த பி.டபிள்யூ.டி பொதுப்பணித்துறைதான். இது நாம் எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்று சொல்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எல்.எஸ், வேறு ஃபோல்டருக்குப் போக சி.டி. மூன்றும் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டன. படுத்தியது பெரிய எழுத்து, சின்ன எழுத்துதான். தமிழில் அந்தச் சங்கதியே கிடையாது பாருங்கள். டவுன்லோட்ஸைச் சின்ன 'டி'யில் தொடங்கிவிட்டு, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்கிறதே என்று அரை மணி நேரம் முழித்தேன்.

அப்புறம் சூடோ, அட்மின் உரிமையோடு கமாண்டை ஓட்டுவதற்கு. புது புரோகிராம் ஏற்ற பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. போன மாதம் கீபோர்டில் டீ கொட்டியது ஞாபகம் வந்து லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். அது அப்படித்தானாம், அடித்து என்டர் தட்ட வேண்டியதுதான்.

உண்மையான அடி ஆர்.எம் என்கிற அழிக்கும் கமாண்டில் விழுந்தது. 'பில்' என்று ஒரு ஃபோல்டர், இந்த வருஷக் கணக்கு. 'பில் பழசு' என்று இன்னொன்று, வேண்டாதது. பழசை அழிக்க ஆர்.எம் மைனஸ் ஆர் பில் பழசு என்று அடித்தேன். 'பழசு' என்று எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்தது. எல்.எஸ் போட்டுப் பார்த்தால் 'பில் பழசு' குத்துக்கல்லாக நிற்கிறது, 'பில்'லைக் காணோம். நடுவில் விட்ட இடைவெளியால் அதை இரண்டு பெயராக எடுத்துக்கொண்டு, முதலாவதை அழித்திருக்கிறது. குப்பைத்தொட்டியிலும் இல்லை, ஆர்.எம் அந்த வழியாகப் போவதே கிடையாது.

ஆடிட்டருக்குக் கொடுத்த பென்டிரைவில் மூன்று வாரம் முந்தைய நகல் இருந்ததால் பிழைத்தேன். மீதியைக் கார்பன் காப்பி பார்த்து இரண்டு ராத்திரி திரும்ப ஏற்றினேன். மருமகன் போனில் சிரித்துவிட்டு, பெயரை முழுசாக அடிக்காமல் டேப் தட்டச் சொன்னான். அதுவே நிரப்பிக்கொள்கிறது, இடைவெளி வந்தால் ஒரே பெயர்தான் என்று காட்ட முன்னால் ஒரு பின்சாய்கோடும் (\) போட்டுவிடுகிறது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இப்போது கடை சாத்தும் முன் வாடிக்கையாளர்களின் ஆதார், மார்க் ஷீட் ஸ்கேன்களை அழிப்பது கறுப்பு ஜன்னலில்தான். முதலில் எல்.எஸ், நட்சத்திரக்குறி, புள்ளி, பிடிஎஃப், அதாவது பிடிஎஃப் என்று முடிகிற எல்லாம். வந்த பட்டியலை ஒரு முறை கண்ணால் மேய்ந்துவிட்டு, மேல் அம்புக்குறியால் அதே வரியைக் கொண்டுவந்து எல்.எஸ்ஸை மட்டும் ஆர்.எம் ஆக்குகிறேன். நேற்று கடைசியாக வந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வைரஸா?" என்றான்.