கணக்கு ஒருவருடையது, இரும்பு ஒருவருடையது

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உள்ள ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் இரும்புக் கட்டமைப்புகளுக்கான ஷாப் டிராயிங், அதாவது பட்டறை பார்த்து வெட்டி இணைப்பதற்கான வரைபடம், தயாரிப்பது என் வேலை. கிடங்கு, கன்வேயர் பாலம், கொதிகலனைத் தாங்கும் சட்டம் என்று எங்களிடம் வருபவை பெரும்பாலும் நேர்க்கோடுகளும் செங்கோணங்களுமாக இருக்கும். ஒரு தூணை ஒழுங்காக வரைந்துவிட்டால் மற்றவற்றுக்கு அதையே நகலெடுத்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இடைநிலை நிறுவனத்தின் வழியாக, ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட ஒரு ரோலர் கோஸ்டரின் தாங்கு தூண்கள் எங்கள் மேசைக்கு வந்தன. அவற்றில் எந்தத் தூணும் இன்னொரு தூணைப் போல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி உயரம், தனிச் சாய்வு. உச்சியில் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் ஃபிளாஞ்ச் என்ற இணைப்புத் தகடு ஒவ்வொரு தூணிலும் வேறு வேறு கோணத்தில் திரும்பியிருந்தது. நகலெடுப்பதற்கு எதுவுமே இல்லாத அந்த வேலைதான், இத்தகைய சவாரிகளை உருவாக்குகிறவர்கள் யார், அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

வந்த கோப்புகளில் என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது ஓர் அட்டவணை. அதில் ஒரே பாதைக்கு இரண்டு கோடுகளின் அளவுகள் தரப்பட்டிருந்தன. ஒன்று தண்டவாளத்தின் மையக்கோடு. மற்றொன்று, அதற்கு மேலே, அமர்ந்திருக்கும் பயணியின் மார்பு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் செல்லும் கற்பனைக் கோடு. தண்டவாளக் கோட்டை மட்டும் திரையில் வரைந்து பார்த்தபோது, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே அது காரணமில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறகு திரும்புவதாகத் தோன்றியது. மார்புக் கோட்டையும் சேர்த்து வரைந்தவுடன் குழப்பம் தீர்ந்தது. அந்தக் கோடு எந்த நெளிவும் இல்லாமல் சீராக வளைந்து சென்றது. தண்டவாளத்தை அச்சாக வைத்துப் பெட்டி சாய்ந்தால் பயணியின் தலை பக்கவாட்டில் வீசி எறியப்படும். மார்பை அச்சாக வைத்துச் சாய்த்தால் உடல் தன் பாதையிலேயே போகும், இரும்புதான் அதைச் சுற்றி விலகிக்கொடுக்கும். மனித உடலை முதலில் வரைந்து, அதற்கேற்ப எஃகை வளைக்கும் ஒரு வடிவமைப்பை அதற்கு முன் என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கல். 1936இல் பிறந்த அவர் 1965இல் மியூனிக்கில் தன் பெயரிலேயே பொறியியல் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய சாதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது செங்குத்து வளையத்தின் வடிவம். 1895இலேயே நியூயார்க்கின் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்ற சவாரியில் முழு வட்டமான வளையம் ஒன்றை அமைத்திருந்தார்கள். வட்டத்தின் சிக்கலைப் பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். உச்சியைக் கடப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், உராய்வை விட்டுவிட்டால், வளையத்தின் அடியில் பயணி தன் எடையைப் போல் 6 மடங்கு சுமையைத் தாங்கவேண்டும். அந்தச் சுமை படிப்படியாக ஏறுவதுமில்லை. நேர்ப்பாதை வட்டத்தைத் தொடும் அதே புள்ளியில் கழுத்தின் மீது மொத்தமாக வந்து இறங்கும்.

ஆன்டன் ஸ்வார்ஸ்கோஃப் என்ற உற்பத்தியாளருக்காக ஸ்டெங்கல் கணக்கிட்டுத் தந்த வளையம், 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அது வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளியின் வடிவத்தில் இருந்தது. கீழே, வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில், வளைவு அகன்றிருக்கும். மேலே செல்லச் செல்ல வேகம் குறைவதற்கேற்ப வளைவு குறுகிக்கொண்டே போகும். ரயில்வே பொறியாளர்கள் நேர்ப்பாதையையும் வளைவையும் இணைக்கும்போது இதே போன்ற மாறுவளைவைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்தப் பழைய அறிவை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி, மனித உடல் தாங்கும் எல்லைக்குள் கொண்டுவந்ததுதான் ஸ்டெங்கலின் மேதைமை என்று நான் கருதுகிறேன். 2005இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

இவ்விருவரின் உறவை என் தொழிலின் கண்ணோடு பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. ஸ்வார்ஸ்கோஃப் இரும்பை வளைத்து நிறுத்தினார். ஸ்டெங்கல் வேறு ஊரில், வேறு அலுவலகத்தில் அமர்ந்து கணக்கிட்டார். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் உருவான இன்டமின், பொலிகர் அண்டு மபிலார்ட் போன்ற, சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களுக்கும் அதே அலுவலகம் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறது. ஜெர்மனியில் அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது டியூவ் என்ற தொழில்நுட்பச் சோதனை நிறுவனம் போன்ற மூன்றாவது அமைப்பின் பொறுப்பு. விற்கிறவர், கணக்கிடுகிறவர், சரிபார்க்கிறவர் ஆகிய மூவரும் தனித்தனி ஆட்களாக இருப்பது ஒரு நிர்வாக ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் திட்டத்தில் வேலை செய்யச் செய்ய, சவாரியின் பாதுகாப்புக்கு அடித்தளமே இந்தப் பிரிவுதான் என்ற முடிவுக்கு வந்தேன்.

பொலிகர் அண்டு மபிலார்டின் கதையும் இதற்குப் பொருத்தமானது. வால்டர் பொலிகர், குளோட் மபிலார்ட் என்ற இரண்டு பொறியாளர்கள் ஜியோவனோலா என்ற நிறுவனத்திலிருந்து வெளியேறி, 1988இல் சுவிட்சர்லாந்தின் மோந்தே நகரில் இதைத் தொடங்கினார்கள். பெட்டிகள் தண்டவாளத்துக்குக் கீழே தொங்க, பயணிகளின் கால்கள் அந்தரத்தில் இருக்கும் அவர்களுடைய சவாரி 1992இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓடியது. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே வொண்டர்லா பூங்காவில் இப்போது ஓடும் தஞ்சோரா அந்த வகையைச் சேர்ந்ததே. வடிவமைப்பு மோந்தேயில் நடந்தாலும், அமெரிக்கப் பூங்காக்களுக்கான தண்டவாளத்தை நெடுங்காலமாகச் செய்து தருவது ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிளெர்மான்ட் என்ற இரும்புப் பட்டறை. இரண்டு கண்டங்களுக்கு இடையே வரைபடம் ஒன்றுதான் பாலம். வரைபடத்தில் இல்லாத எதையும் பட்டறை தானாக ஊகித்துக்கொள்ளக் கூடாது. எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கு இந்தத் துறையில் இடம் கிடைப்பதும் அதனால்தான்.

இவர்களுக்கு முன்னோடிகள் பலர் உண்டு. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை பெற்றார். செங்குத்தான சரிவில் பெட்டி மேலே கிளம்பிவிடாமல் இருப்பது அதனால்தான். 1959இல் டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் சவாரிக்காக ஆரோ நிறுவனத்தினர் எஃகுக் குழாயைத் தண்டவாளமாக வளைத்தார்கள். அதே ஆரோ நிறுவனத்தின் ரான் டூமர் 1989இல் மேக்னம் என்ற சவாரியை 200 அடிக்கு மேல் உயர்த்தினார். 2001இல் அந்த நிறுவனம் திவாலானது. அங்கே பணியாற்றிய ஆலன் ஷில்கி பின்னர் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற நிறுவனத்துக்காக, பழைய மரச் சவாரிகளின் மேல் எஃகுத் தண்டவாளத்தைப் பொருத்தி அவற்றுக்குப் புத்துயிர் கொடுத்தார். நிறுவனம் மூடப்பட்டாலும் பொறியாளரின் கையோடு அறிவு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது.

எங்கள் மேசையில் நடந்த ஒரு சிறு விவாதத்தை இங்கே விவரிக்க விரும்புகிறேன். ஓரிடத்தில் இரண்டு தூண்களைக் குறுக்காக இணைக்கும் குழாய் ஒன்று இருந்தது. அதன் முனைகளை வெட்டும் கோணம் பட்டறைக்குச் சிரமமாக இருந்ததால், அதை இரண்டு அடி மேலே ஏற்றினால் இரு முனைகளும் எளிய வெட்டாகிவிடும் என்று பட்டறையிலிருந்து கேட்டார்கள். இரும்பின் வலிமைக்கு அதனால் எந்தக் குறைவும் இல்லை. கணினி மாதிரியில் அந்தக் குழாயை நகர்த்தியவுடன், தண்டவாளத்தைச் சுற்றி மெல்லிய பச்சை நிறத்தில் காட்டப்பட்டிருந்த உறையை அது தொட்டது. பயணி கையை முழுவதுமாக நீட்டினாலும், காலை உதைத்தாலும், எட்டக்கூடிய எல்லையைப் பாதை முழுவதும் இழுத்துச் சென்றால் கிடைக்கும் வெளி அது. அதற்குள் எந்தப் பொருளும் வரக்கூடாது. வடிவமைப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். மறுநாளே பதில் வந்தது. குழாய் பழைய இடத்திலேயே இருக்கவேண்டும், சிரமமான வெட்டைத்தான் வெட்டவேண்டும். அந்தப் பதிலின் அடியில் கணக்கிட்டவரின் பெயரும் சரிபார்த்தவரின் பெயரும் தனித்தனியாக இருந்தன. ஒரு குழாய்க்காக இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்களே என்று எங்கள் இளம் வரைவாளர் ஒருவர் வியந்தார். நீட்டப்படும் ஒவ்வொரு கைக்காகவும் அவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

வெல்டிங் பற்றிய குறிப்புகளும் அதே கண்டிப்புடன் இருந்தன. கிடங்குக் கூரையின் மீது விழும் சுமை ஏறக்குறைய அசையாதது. சவாரியின் தூண் அப்படியில்லை; ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் இழுவிசையும் அமுக்கமும் மாறி மாறி வரும், ஆண்டுக்கணக்கில் வரும். எஃகு ஒரே அடியில் முறிவதைவிட, இத்தகைய சிறு சிறு மாற்றங்களால் வெல்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல் தொடங்கி வளர்வதுதான் பெரும் ஆபத்து. அதனால் எந்தெந்த வெல்டின் ஓரத்தை அரைத்து வழுவழுப்பாக்கவேண்டும், எதை மீயொலியால் சோதிக்கவேண்டும், எதைக் காந்தத் துகள்களால் சோதிக்கவேண்டும் என்று இணைப்புவாரியாக எழுதியிருந்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு எப்படித் தேயும் என்பதைக் கடலூர் சிப்காட் பகுதியில் கண்கூடாகப் பார்த்திருக்கும் எனக்கு, ஒரு விரிசலின் விலை என்ன என்பதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

தை மாதம் 5ஆம் நாள் பெண்ணையாற்றில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்குப் போகும்போது இப்போதெல்லாம் என் கண் முதலில் ராட்டினங்களைத்தான் தேடுகிறது. ஆற்று மணலில் மரக்கட்டைகளை அடுக்கி, தண்ணீர் டியூப்பால் மட்டம் பார்த்து, ராட்சத ராட்டினத்தை ஒரே இரவில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஒருமுறை ராட்டினக்காரர் ஒருவர், இணைப்புப் பின் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். “எதுக்குண்ணே தட்டிப் பாக்கறீங்க?” என்று கேட்டேன். “சத்தத்துலயே தெரிஞ்சிடும் சார். லூசா இருந்தா வேற மாதிரி கேக்கும்,” என்றார். அவர் சொன்னது உண்மை. அந்தக் காது பல ஆண்டு அனுபவத்தால் வந்தது. ஆனால் அந்தப் பின்னை எப்போது மாற்றினார்கள், எந்தத் தரத்து எஃகு அது, ராட்டினத்தின் ஒரு கைக்கு எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கேட்டபோது, எல்லாம் அவருடைய நினைவில்தான் இருந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டால் அந்த அறிவும் அவருடனேயே போய்விடும்.

மியூனிக்கின் அக்டோபர் திருவிழாவிலும் சவாரிகளைக் கழற்றி மாட்டித்தான் நிறுத்துகிறார்கள். ஸ்வார்ஸ்கோஃப் வடிவமைத்து 1989இல் அறிமுகமான ஒலிம்பியா லூப்பிங்கில் ஐந்து செங்குத்து வளையங்கள் இருந்தும், அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஊர் ஊராகக் கொண்டுசெல்லலாம். ஜெர்மனியில் அத்தகைய ஊர்சுற்றும் சவாரி ஒவ்வொன்றுடனும் ஒரு சோதனைப் புத்தகம் பயணிக்கவேண்டும். வரைபடம், கணக்கு, முந்தைய சோதனைகளின் முடிவு எல்லாம் அதில் இருக்கும். புதிய ஊரில் அதிகாரி அந்தப் புத்தகத்தைத் திறந்து, எதிரே நிற்கும் இரும்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நம் திருவிழாக்களுக்கும் இதைக் கொண்டுவர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்குச் சுவிட்சர்லாந்துக்குப் போகவேண்டியதில்லை. அளவெடுக்கவும் வரையவும் தெரிந்த இளைஞர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏராளமாக இருக்கிறார்கள்.

அந்த ராட்டினக்காரரின் சம்மதத்துடன், அலுவலக நண்பர்கள் சிலரும் நானும் அவருடைய ராட்டினத்தைக் கழற்றி வைத்திருந்த நாட்களில் அளவெடுத்தோம். கைகளின் நீளம், குழாய்களின் தடிமன், பின்களின் விட்டம், தொட்டிகளின் எடை ஆகியவற்றைக் கொண்டு வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் கொடுத்தோம். அந்த எண்களை ராட்டினக்காரர் இரும்பிலும் பொறித்துவிட்டார். வலிமைக் கணக்கை எங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். வரைந்தவர்களே கணக்கையும் போடவேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தொகுப்பைப் புரட்டிப் பார்த்த ராட்டினக்காரர், பின் மாற்றிய தேதியை எழுதிவைக்கத் தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு இணைப்பு எண்ணுக்கும் எதிரே தேதி, பின்னின் அளவு, மாற்றியவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து என்று நான்கு கட்டங்கள் போட்டு அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிட்டோம்.