வேகாஸ் மட்டும்தானா?

கேரள எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில், ஆடை களைந்து ஆடும் ஸ்ட்ரிப் கிளப்புக்கு அமெரிக்காவில் சிறந்த ஊர் எது என்று பேச்செடுத்தாலே லாஸ் வேகாஸ்தான். ஆனால் அங்கே முழு நிர்வாண ஆட்டம் உள்ள கிளப்பில், பக்கத்து வடக்கு லாஸ் வேகாஸின் பாலோமினோ தவிர, மது கிடையாது. போர்ட்லாண்டில் இரண்டும் உண்டு. ஆரிகன் மாநிலம் பேச்சுரிமைக்குத் தரும் இடம் அப்படி, 1987இல் அதன் உச்ச நீதிமன்றமே அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் தடை என்பதால் கள்ளுக்கு எல்லை தாண்டி இங்கே வருகிறார்களே, அது மாதிரி சட்டம்தான் ஊருக்குப் பெயர் வாங்கித் தருகிறது. அட்லாண்டா வேறு ரகம், அங்குள்ள மேஜிக் சிட்டி கிளப்பில் எடுபட்ட ராப் பாட்டு வெளியிலும் ஓடும்.

சரி, ஆடும் பெண்கள்? பல கிளப்புகளில் மேடையேற அவர்களே பணம் கட்ட வேண்டும், வருமானம் டிப்ஸ்தான். அநியாயம் இது. 2023இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டார் கார்டன் கிளப் பெண்கள் போராடிச் சங்கம் அமைத்தார்கள், என் ஓட்டு அந்த ஊருக்கு.