கோணலாகத் தைத்த முடிச்சு

"அப்ப, ஏழைன்னா கோணலாத்தான் இருக்கணுமா?" என்று, கழுத்தில் நான் தைத்துக் கொடுத்திருந்த கோணல் முடிச்சைக் கண்ணாடியில் பார்த்தபடி, அந்த நடிகப் பையன் கேட்டான். "மேடையில ஆமாம்" என்று நான் சொன்னேன். நடந்தது இவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்தவில்லை. உடையைப் போட்டுச் சரிபார்க்கும் ஃபிட்டிங் முடிந்து அவன் ஒத்திகைக்குப் போனான், நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நாடகமும் நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை பதிலை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. ஒரு நாள் சரியாகத்தான் சொன்னேன் என்று தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுவதில்லை.

நாடகங்களுக்கு உடை தைப்பது என் வேலை. லண்டனில் நடிப்புப் பள்ளி ஒன்றின் கடைசி ஆண்டு நாடகம் அது. பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'லாஸ்ட் இல்யூஷன்ஸ்' நாவலை மேடைக்காகச் சுருக்கியிருந்தார்கள். அந்தப் பையனுக்கு லூசியன் வேடம். அங்கூலேம் என்ற மாகாண நகரத்தின் மருந்துக்கடைக்காரர் மகன் லூசியன். கவிஞனாகும் ஆசையோடு 1821இல், தன்னைவிட மூத்த ஒரு சீமாட்டியின் பின்னால் பாரிஸ் வந்து சேருகிறான். துய்லரி தோட்டத்தில் நடக்கும்போது, தன் உடை எதுவும் அந்த ஊருக்கு ஆகாது என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. அவன் கழுத்தில் இருப்பது முனைகளில் பூவேலை செய்த வெள்ளை கிராவட், அதாவது கழுத்தைச் சுற்றி முன்னால் முடிச்சுப் போடும் துணி. ஊர்ப் பெரிய மனிதர்கள் கழுத்தில் பார்த்து, அதே மாதிரி தங்கை ஈவ் தன் கையாலேயே செய்து கொடுத்தது. பாரிஸிலோ காலை நேரத்தில் வெள்ளை கட்டுகிறவர்கள் வயதான பணக்காரர்களும் கண்டிப்பான அரசு அதிகாரிகளும்தான். அதற்கும் மேல் ஒன்று நடக்கிறது. தோட்டத்துக் கம்பிவேலிக்கு அப்பால், தலையில் கூடையோடு ஒரு மளிகைக்கடைப் பையன் போகிறான். அவன் கழுத்திலும் அதே மாதிரி பூவேலை முனைகள். லூசியனுக்கு நெஞ்சில் அடி விழுகிறது.

நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. துணி வேலை செய்கிற எவருக்கும் பிடிக்கும். ஒருவனுடைய மொத்த வாழ்க்கையும் அந்த முழ நீளத் துணியில் அடங்கிவிடுகிறது.

டிசைனர் கொடுத்த வரைபடத்தில் முடிச்சு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை, நடுவில் கசங்கல். விளக்கு அணைந்து எரிவதற்குள் உடை மாற்ற வேண்டிய நாடகங்களில் கிராவட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. முடிச்சைப் போட்டு, அது நகராதபடி உள்ளே தையல் கொடுத்து, பின்கழுத்தில் பிரஸ் பட்டன் வைத்துவிடுவோம். எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி இருக்கும். அதாவது, கோணலாக இருக்க வேண்டும் என்றால் அந்தக் கோணலைக் கவனமாக, ஒழுங்காகத் தைக்க வேண்டும். மஸ்லினைக் கையால் கசக்கி, ஒவ்வொரு கசங்கலுக்கும் குண்டூசி குத்தி, வெளியே தெரியாத சின்னத் தையலால் அதைப் பிடித்துவைத்தேன். வேலையாகப் பார்த்தால் நேர்த்தியான வேலைதான்.

தைப்பதற்கு முன்பே என் மறுப்பைச் சொன்னேன். ஈவ் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சாதாரணச் சலவை இல்லை, மெல்லிய உயர்தரத் துணிகளை வெளுத்து இஸ்திரி போடும் இடம். ஊரின் பணக்காரக் கழுத்துகளுக்குப் போகிற துணியெல்லாம் அப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் போகும். அவள் அண்ணனுக்குக் கொடுத்தனுப்பிய கிராவட் எப்படிக் கசங்கும்? அந்தத் தோட்டத்தில் இருந்தவற்றிலேயே நன்றாகக் கஞ்சி போட்ட கிராவட் அதுவாகத்தான் இருந்திருக்கும். பால்சாக் குறை சொன்னது நிறத்தையும் வேளையையும், மளிகைக்கடைப் பையனிடமும் அதே பூவேலை இருந்ததையும். முடிச்சை அவர் குறை சொல்லவே இல்லை.

டிசைனர் பொறுமையாகக் கேட்டார். "ஈவ் சலவை வேலை பார்க்கிறவள்னு நம்ம ஸ்கிரிப்ட்ல எங்கேயும் வரலையே" என்றார். உண்மைதான், அந்த வரியை வெட்டியிருந்தார்கள். "காலையில வெள்ளை கட்டக்கூடாதுன்னு கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவருக்கு யார் சொல்றது? அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நேரா இருந்தா பணக்காரன், கோணலா இருந்தா இல்லாதவன்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அப்புறம்தான் அந்தப் பையன் ஃபிட்டிங்குக்கு வந்தான். நாவலை முழுதும் படித்திருந்தான். பக்க ஓரங்களில் எல்லாம் பென்சில் குறிப்புகள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அவன் மனசுல இது சரியாத்தானே இருக்கு? அப்ப சரியாவே கட்டிவிடுங்களேன்" என்றான். டிசைனர் சொன்ன காரணத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

என் பதிலில் பொய் இல்லை. மேடைக்கு என்று ஒரு பாஷை இருக்கிறது. கிராவட் கட்டியவன் பணக்காரன், நாகரிகமானவன் என்பது அந்தப் பாஷையின் பழைய வார்த்தைகளில் ஒன்று. அது காரணமில்லாமலும் வரவில்லை. வெள்ளைத் துணி அழுக்கைக் காட்டிக்கொடுக்கும். கரிப்புகை மூடிய ஊரில் அது காலையிலிருந்து மாலைவரை வெள்ளையாக இருக்க வேண்டும் என்றால், நாளைக்கு இரண்டு மூன்று மாற்ற வேண்டும், வெளுக்க ஆள் வேண்டும், கட்டிவிட ஆள் வேண்டும். கழுத்தில் இருப்பது துணி மட்டும் இல்லை, மற்றவர்களின் உழைப்பு நேரமும்தான். அந்தக் காலத்து லண்டனில் ஆண்கள் உடைக்கு இலக்கணம் வகுத்த ப்ரம்மல் இதை முழுக்கப் புரிந்துவைத்திருந்தார். மெல்லிய லினன், அதுவும் ஏராளமாக, கிராமத்தில் வெளுத்தது: இதுதான் அவருடைய விதி என்பார்கள். அவருடைய பணியாள் கை நிறையக் கசங்கிய கிராவட்களைச் சுமந்துகொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது, யாரோ என்னவென்று கேட்க, "இவை எங்கள் தோல்விகள்" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. எல்லாரும் இதை ப்ரம்மலின் நேர்த்திக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் கண்ணுக்குத் தெரிவது, அந்தத் தோல்விகளை மறுநாள் துவைத்துக் கஞ்சி போட வேண்டியிருந்த பெண்கள். ஈவ் போன்றவர்கள்.

அந்த ப்ரம்மலே பிரபு வம்சத்தில் வந்தவர் இல்லை. அவருடைய தாத்தா பணியாளாக இருந்தவர். 1816இல் கடனுக்குப் பயந்து பிரான்சுக்கு ஓடினார். 1840இல் கான் நகரத்து மனநலக் காப்பகத்தில் இறந்தார். கிராவட்டின் பேரரசர் என்று உலகம் நினைக்கிறவரின் கணக்கு இது.

நாவலாசிரியர்களும் இந்த அடையாளத்தை அப்படியே நம்பியதில்லை. 'வேனிட்டி ஃபேர்' நாவலில் (1847-48) ஜோஸ் செட்லி அறிமுகமாகும்போதே மூக்குவரை ஏறிய கழுத்துத் துணிகளோடு உட்கார்ந்திருக்கிறான், ஒன்றல்ல, பல. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளக் கலெக்டர். பணம் இருக்கிறது, நயம் கிடையாது. 'ப்ளீக் ஹவுஸ்' நாவலின் (1852-53) கிழவர் டர்வீட்ராப்புக்குத் தாடையும் காதும் கிராவட்டுக்குள் புதைந்திருக்கும். பெரிய மனிதத் தோரணை அத்தனையும் உண்டு, ஆனால் மகன் நடனம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பதில்தான் வீடு ஓடுகிறது. அவருக்காக உழைத்தே மனைவி செத்துப்போனாள். 'தி ஸ்கார்லெட் பிம்பர்னல்' (1905) கதையின் பெர்சி பிளேக்னிக்கு கிராவட் ஒரு வேஷம். அதைப் பார்க்கிறவர்கள் இவன் வெறும் அலங்காரப் பொம்மை என்று நினைக்க வேண்டும் என்பதற்காகவே கட்டுகிறான். மூன்று நாவலாசிரியர்களுமே கிராவட்டைப் பார்த்து ஏமாறாதே என்று சொல்கிறார்கள். மேடைக்கும் திரைக்கும் வரும்போதுதான் எல்லாம் சுருங்கி, கிராவட் என்றால் பணக்காரன் என்று ஆகிவிடுகிறது. சுருக்கினால்தான் மேடை. அதுவும் எனக்குத் தெரிகிறது.

கிராவட்டுக்குக் கோணல் எப்போதுமே ஏழ்மையும் இல்லை. 1692இல் ஸ்டீன்கெர்க் போரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவசரத்தில் கிராவட்டைச் சும்மா முறுக்கி, முனையைக் கோட்டுப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டு ஓடினார்களாம். பாரிஸும் லண்டனும் பல வருடம் அந்த அவசரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டன. இருக்கிறவன் கலைந்திருந்தால் அது ஸ்டைல். இல்லாதவன்தான் நேராக இருந்தாக வேண்டும். கலைந்து வர அவனுக்கு உரிமை கிடையாது.

இதுதான் என்னை உறுத்துவது. ஊரிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்த ஆள்தான். அவர்கள் யாரும் கசங்கி வர மாட்டார்கள். என் அப்பா கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிற நாளில் அம்மா முந்தின இரவே சோற்றுக்கஞ்சியை வடிகட்டி வேட்டியை முக்கி எடுத்துவைப்பார். காலையில் அந்த வேட்டி தானாகவே நிற்கும். மடிப்பு கத்தி மாதிரி இருக்கும். ஆபீசில் இருந்தவர்களுக்கு அப்பாவை ஊர்க்காரர் என்று காட்டிக்கொடுத்தது அந்த மடிப்புதான், ஏனென்றால் அங்கே தினமும் வருகிறவர் யாரும் அவ்வளவு விறைப்பாக வருவதில்லை. லூசியனின் கிராவட்டும் இதேதான். தவறாக இருந்ததால் அவன் மாட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் உள்ளவர்கள் அவ்வளவு பாடுபட்டிருந்தது வெளியே தெரிந்ததால் மாட்டிக்கொண்டான்.

இதை டிசைனரிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "அழகா இருக்கு, ஆனா கடைசி வரிசைக்கு எப்படிக் காட்டுவீங்க?" என்றுதான் கேட்டிருப்பார். அளவுக்கு மேல் விறைத்த கஞ்சி, தாடையை இடிக்கிற உயரம், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பும் நடிகன் என்று ஏதாவது வழி இருந்திருக்கும். ஆனால் அதற்கும் லண்டன் பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். சிரிப்புக்குக் காரணம் மாறியிருக்கும். அந்த மாற்றம் யாருக்காவது தெரிந்திருக்குமா?

நாடகம் தொடங்கியதும் நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தோட்டக் காட்சியில், எதிர்பார்த்தபடியே, அவன் வந்து நின்றவுடன் சிரிப்பு வந்தது. மளிகைக்கடைப் பையன் கடந்து போனபோது லூசியனின் கை முடிச்சுக்குப் போனது. நேராக்கப் பார்த்தான். தைத்த முடிச்சு, அசையவில்லை. மறுபடி இழுத்தான். சிரிப்பு நின்றது. அரங்கம் முழுக்க அவன் விரல்களையே பார்த்தது. ஒத்திகையில் அப்படி ஒரு அசைவு கிடையாது. அன்றிலிருந்து நாடகம் நடந்த ஒவ்வொரு நாளும் அதைச் செய்தான்.

டிசைனருக்கு ஒரே மகிழ்ச்சி. இயக்குநர் அதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். எனக்கும் தோன்றியது: பார், நேரான முடிச்சாக இருந்திருந்தால் இந்த இடம் கிடைத்திருக்காதே, கோணல்தானே கொடுத்தது. நான் சொன்ன "ஆமாம்" வீணாகவில்லை என்று சமாதானம் ஆனேன். ஆனால் அந்த அசைவு நடிப்பா, என்னிடம் கேட்ட அதே கேள்வியை எல்லார் முன்னாலும் மறுபடி கேட்டதா? அவனிடம் கேட்டேன். "கை தானா போச்சு" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நான் துருவவும் இல்லை.

அதனால் கோணல் சரி என்று முடிவு கட்டலாமா என்றால், அதுவும் முடியவில்லை. அவன் கெட்டிக்காரன், கொடுத்ததை வைத்துப் பிழைத்துக்கொண்டான். எல்லா நடிகருக்கும் அது வராது. மற்ற நாடகங்களில் அந்தக் கசங்கல் வெறும் கசங்கலாகவே மேடையேறி, ஏழை என்றால் இப்படித்தான் இருப்பான் என்று சொல்லிவிட்டு இறங்கும். அதைத் தைக்கிற கை என்னுடையதாகவும் இருக்கும். என் வேலை டிசைனர் வரைந்ததைத் துணியாக்குவது. அதில் எனக்கு மரியாதை உண்டு, அந்த ஒழுங்கு இல்லாமல் எந்த நாடகமும் நேரத்துக்குத் திரை ஏறாது. ஆனால் துணி என் கையில் இருக்கும் நேரத்தில், அதைக் கட்டுகிறவனின் வீட்டில் யார் அதை வெளுத்தார்கள் என்று யோசிக்காமல் இருக்க எனக்கு இனி வராது.

இந்தப் பருவத்து நாடகத்தில் ஒரு விருந்துக் காட்சி. சீமான் வீட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரு விவசாயியின் மகன். வரைபடத்தின் ஓரத்தில் அதே டிசைனர் எழுதியிருக்கிறார்: கிராவட், கொஞ்சம் கசங்கலாக. நான் ஒன்றை வரைந்தபடியும், இன்னொன்றைக் கஞ்சி போட்டு, தாடையைத் தொடும் உயரத்திலும் செய்துவைத்திருக்கிறேன். "சரி, ரெண்டையும் போட்டுப் பார்ப்போம்" என்றிருக்கிறார். வியாழக்கிழமை ஃபிட்டிங்.