அமெரிக்க வரலாற்றுத் தாள்: 1787 அரசியலமைப்பை எதிர்த்தவர்களை எப்படிப் படித்தேன்

முதுகலை வரலாற்றுத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நான் மிகவும் அஞ்சிய அமெரிக்க வரலாற்றுத் தாளில்தான் மதிப்பெண் அதிகம் கிடைத்திருக்கிறது. தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே, அந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்பும் ஒரே ஓர் அலகைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் கையேடுகள் 1787-இல் அரசியலமைப்பை வரைந்த பிலடெல்பியா மாநாட்டை வென்றவர்களின் பக்கம் நின்றே சொல்கின்றன. ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய மூவரும் அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய 85 ‘கூட்டாட்சிக் கட்டுரை’களுக்குத் தாராளமாக இடம் தந்துவிட்டு, எதிர்த்தவர்களை ‘மாநில உரிமை கோரியவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. வலிமையான மைய அரசுக்கு எதிரான வாதங்களை மதிப்பிடுமாறு பதினைந்து மதிப்பெண் வினா வந்தபோது, அந்த ஒரு வரியை நான்கு பக்கமாக நீட்ட நேர்ந்தவர்களின் புலம்பலைத் தேர்வறை வாசலிலேயே கேட்டேன்.

நான் கடைப்பிடித்த முறை எளியது. ஒவ்வோர் எதிர்ப்புக்கும் அருகில், அது அரசியலமைப்பின் எந்தப் பிரிவைத் தாக்கியது என்று எழுதிவைத்தேன். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ‘மைய அரசு கொடுங்கோன்மையாகும் என்று அஞ்சினர்’ என்று பொதுவாக எழுதும் விடைக்கும், அந்த அச்சம் எந்தப் பிரிவிலிருந்து எழுந்தது என்று காட்டும் விடைக்கும் உள்ள வேறுபாடு திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் 1787 அக்டோபரிலிருந்து நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த 16 கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றை எழுதியவர் ராபர்ட் யேட்ஸ் என்பாரும் உண்டு, மெலங்டன் ஸ்மித் என்பாரும் உண்டு. அந்த வழக்கை விடைத்தாளில் தீர்த்துவைக்க முயல வேண்டாம். முதல் கட்டுரையிலேயே புரூட்டஸ் அரசியலமைப்பின் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்கிறார். முதலாம் உறுப்பின் 8-ஆம் பிரிவு, தன் அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான, பொருத்தமான எல்லாச் சட்டங்களையும் இயற்றக் காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆறாம் உறுப்பு, அச்சட்டங்களை மாநிலச் சட்டங்களுக்கு மேலானவையாக ஆக்குகிறது. இவை இரண்டுடன் வரி விதிக்கும் அதிகாரமும் சேர்ந்துவிட்டால், மாநிலங்கள் வருவாயின்றி மெலிந்து, காலப்போக்கில் பெயரளவில் மட்டுமே எஞ்சும் என்பது அவருடைய வாதம்.

அடுத்தது பரப்பளவு பற்றிய வாதம். குடியரசு சிறிய நிலப்பரப்பில்தான் நிலைக்கும் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூவின் கருத்தை அவர் துணைக்கு அழைக்கிறார். அன்று முப்பது இலட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை பத்து மடங்குக்கும் மேல் பெருகக்கூடிய நாட்டில், மக்களை உண்மையில் அறிந்த பிரதிநிதிகள் அடங்கிய அவை அளவுக்கு மீறிப் பெரியதாகிவிடாதா என்று கேட்கிறார். குழுக்கள் பல இருக்கும் பெரிய குடியரசில் பெரும்பான்மையின் ஒடுக்குமுறை கடினம் என்று பத்தாவது கூட்டாட்சிக் கட்டுரையில் மாடிசன் சொன்ன மறுப்பை இதற்கு நேர் எதிரே வையுங்கள்.

நீதித்துறை குறித்த பகுதியைப் பலரும் தொடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மூன்றாம் உறுப்பின் கீழ் அமையும் உச்ச நீதிமன்றம், தனக்கு மேல் திருத்துவார் எவருமின்றி அரசியலமைப்புக்குப் பொருள் சொல்லி, மைய அரசின் அதிகாரத்தைச் சிறிது சிறிதாக விரிக்கும் என்று புரூட்டஸ் எழுதினார். 1819-இல் மெக்கலக் வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல், தேசிய வங்கியை நிறுவக் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டு என்றும் அதன் மீது மேரிலாந்து மாநிலம் வரி விதிக்க முடியாது என்றும் தீர்ப்பளித்ததை இத்துடன் இணைத்தால், விடைத்தாளைத் திருத்துபவர் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

நான் மனப்பாடம் செய்ய இயலாதவன். குழுவாகப் படிப்பதும் எனக்கு ஒத்துவராது. ஒருநாள் எதிர்ப்பாளனாகவும் மறுநாள் ஆதரவாளனாகவும் எனக்கு நானே உரக்க வாதிட்டுப் படித்தேன். வாதம் செய்யப் பிடிக்காதவர்களுக்கு இது உதவாமல் போகலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

– மாநாட்டின் இறுதிவரை இருந்தும் கையெழுத்திட மறுத்தவர்கள் மேசன், கெரி, ராண்டால்ப். இவர்களில் ராண்டால்ப் பின்னர் வர்ஜீனியாவில் ஆதரவுப் பக்கம் சேர்ந்தார்; அவரை எதிர்ப்பாளர் பட்டியலில் போட்டுவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள்.
– மெலங்டன் ஸ்மித்: தொடக்கத்தில் 65 பேர் மட்டுமே கொண்ட கீழவையில் செல்வர்களே நிறைவர், நடுத்தர உழவர்களுக்கு இடம் கிடைக்காது.
– வர்ஜீனியாவின் எதிர்ப்பாளர் பாட்ரிக் ஹென்றி: தனிப் பக்கம் தேவையில்லை. அவருடைய பேச்சாற்றலில் மயங்கிப் பாதி விடையை அவருக்கே கொடுத்துவிடுகிறோம்.
– அரசியலமைப்பை ஏற்க மாநில மாநாடுகளில் விழுந்த ஒப்புதல் வாக்குகள் (ஆதரவு–எதிர்ப்பு): மாசசூசெட்ஸ் 187–168, வர்ஜீனியா 89–79, நியூயார்க் 30–27, ரோட் தீவு 34–32 (1790). எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

உரிமைகள் மசோதாவை எதிர்ப்பாளர்களின் முழு வெற்றியாக எழுதும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பெயரில் 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பத்து அரசியலமைப்புத் திருத்தங்கள் பேச்சுரிமை, சமய உரிமை, நடுவர் குழு (ஜூரி) விசாரணை போன்றவற்றைக் காத்தன. ஆனால் வரி, நிரந்தரப் படை, நீதிமன்ற வீச்சு ஆகியவற்றில் புரூட்டஸ் கேட்ட கட்டுப்பாடுகள் அவற்றில் இல்லை. மாடிசனே முன்வந்து திருத்தங்களைக் கொண்டுவந்ததன் பின்னணியில், மைய அரசின் அடிப்படை அதிகாரங்களில் கைவைக்காமல் எதிர்ப்பைத் தணிக்கும் நோக்கமும் இருந்தது. வினா ‘மதிப்பிடுக’ என்று முடிந்தால் இந்தப் பத்தியை விரித்து எழுதுங்கள். ‘விவரி’ என்று மட்டும் இருந்தால் இதற்கு இரண்டு வரி போதும், மிஞ்சும் நேரத்தைப் பிரிவு எண்களைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.